அடுத்த வண்டி வரும்வரை

அத்தியாயம் 14

ரிட்டயர் ஆகி இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னும் மருதமுத்து காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஷேவ் செய்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். போவதற்குத்தான் இடம் இல்லாமல் இருந்தது.

இந்த வியாழக்கிழமை இடம் இருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரி.

அவர் மனைவி திலகவதி, மார்பில் ஒரு கட்டி இருப்பதை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள். கணவரின் பிரிவு உபசார விழா முடிந்து, போட்ட மாலைகளைக் குப்பைக்காரர் எடுத்துப் போன பிறகுதான் மகள் புவனாவிடம் வாயைத் திறந்தாள். மகள் திட்டியதும், அழுததும், புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஊசி வைத்துச் சதை எடுக்கச் செய்ததும் போன வாரக் கதை. ரிசல்ட் வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் வியாழன் மட்டும்தான் வருவார். டோக்கன் பதினோரு மணிக்கு. விட்டால் அடுத்த வியாழன்.

ஒன்பது மணிக்குள் நெய்வேலியை விட்டுக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். இதை மூன்று பேரும் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

சிக்கல் காரில் இருந்தது. புவனாவின் எலெக்ட்ரிக் காரில் இருபத்திரண்டு சதவீதம்தான் சார்ஜ். அவள் சிதம்பரத்தில் ஒரு லேப்பில் வேலை பார்த்து, தினமும் போய்வருகிறவள். அவர்கள் இருப்பது மாடி குவார்ட்டர்ஸ். இரண்டாவது மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டுக் காருக்குச் சார்ஜ் போட முடியாது. அதனால் டவுன்ஷிப்பில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜர்தான் கதி.

ஏழரை மணிக்கு மூவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பச்சைக் கோடு போட்ட ஒரே ஒரு இடம். அதில் கலியமூர்த்தியின் கார் நின்றது. கலியமூர்த்தி நிலக்கரி மைன்ஸில் கிரேன் ஆபரேட்டர், நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்தெட்டு சார். எண்பது வந்ததும் எடுத்துடுறேன்" என்றார்.

எண்பது வந்தது. கலியமூர்த்தி சார்ஜரை நிறுத்தி, காரில் செருகியிருந்த கன்னைக் கழற்றி, ஒயரைத் தரையில் போடாமல் சுற்றி மாட்டினார். புவனா காரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அவர் தன் காரை எடுத்தார். போகும்போது ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தி, "ரிலீவ் ஆயிட்டேன் சார்!" என்று சிரித்தார்.

மருதமுத்துவுக்கு உள்ளுக்குள் பூரிப்பு. காரணம் இருந்தது. டவுன்ஷிப்பில் எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் விதிகளை எழுதியவர் அவர்தான். சொந்தமாக அவருக்குக் கார் கிடையாது, மகளின் கார்தான். ஆனாலும் ஒரு விதி என்று வந்துவிட்டால் மனிதரால் சும்மா இருக்க முடியாது.

எண்பதோடு நிறுத்த வேண்டும், அதற்கு மேல் சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும், அந்த நேரம் அடுத்தவருடையது. கண்ணாடியில் போன் நம்பர் வைக்க வேண்டும். அடுத்தவர் காரிலிருந்து கேட்காமல் கன்னைப் பிடுங்கக் கூடாது. இவையெல்லாம் எந்த ஊரிலும் இருக்கிற விதிகள். நெய்வேலிக்காகவே அவர் சேர்த்தது ஒன்று உண்டு. அடுத்த வண்டி வந்து நிற்கும்வரை முதல் வண்டி நகரக் கூடாது.

இது மைன்ஸ் பழக்கம். ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்த்துக்கொள்ள அடுத்த ஆள் வராமல் பேனலை விட்டு எழுந்து போக முடியுமா? ரிலீவர் வர வேண்டும். எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக முப்பத்து நான்கு வருஷம் மருதமுத்து ஒரு தடவைகூட ரிலீவர் வராமல் இடத்தை விட்டு எழுந்ததில்லை. பிரிவு உபசாரத்தில் ஏழு பேர் பேசினார்கள், ஏழு பேரும் இதைச் சொன்னார்கள்.

திலகவதி மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புவனா பிறந்தபோது அவர் ஒன்பது மணி நேரம் கழித்து வந்ததையோ, சாத்தூரில் இறந்துபோன அவள் அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு வந்து இறங்கியதையோ யாரும் பேசவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

விதியைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பச்சைக் கோட்டு இடம் காலியானால் அடுத்த நிமிஷம் ஏதாவது பெட்ரோல் கார் வந்து நின்றுவிடும். டிரைவர் மண்டபத்துக்குள் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேர் அப்படி மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் குரூப்பில் எல்லோரும் இந்த விதிக்குக் கை தூக்கினார்கள்.

அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு.

புவனா கன்னை மாட்டினாள். திலகவதி பின் சீட்டில், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சார்ஜரின் ஃபேன் இரைந்தது. மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சாப்பிடுறியாம்மா?"

"வேணாம். வெறும் வயித்துல வரச் சொல்லியிருந்தா?"

"ரிசல்ட் பார்க்கத்தானேம்மா போறோம். சாப்பிடலாம்."

"அப்ப ரெண்டு இட்லி வாங்கு."

மருதமுத்து குரூப்பைப் பார்த்தார். அடுத்த முறை வேணுவுக்கு. குறிஞ்சிப்பாடியில் கால் டாக்ஸி ஓட்டுகிறவர். 'எட்டரைக்கு வந்துடுறேன் சார். 6% தான் இருக்குது' என்று போட்டிருந்தார். மருதமுத்து கட்டைவிரலைப் போட்டார்.

எட்டு முப்பத்து நான்குக்கு எண்பது வந்தது. புவனா கழற்றினாள். ஒயரைச் சுற்றி மாட்டினாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"ஏறுங்கப்பா."

"வேணு இன்னும் வரலை."

"வருவாரு. நாம கிளம்புவோம்."

"வரட்டும்மா. அஞ்சு நிமிஷம்."

நேரம் இருந்தது. அதனால் புவனா பொறுத்தாள். ஐந்து நிமிஷம் ஆனது. மருதமுத்து வேணுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், வந்துகினே இருக்கேன் சார். இங்க வடலூர்ல ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க. முன்னால பெரிய லைனு நிக்குது."

"எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு சார். ஏசிய நிறுத்திகினு வரேன். இடத்த வுட்டுடாதீங்க சார், அப்புறம் நான் நடு ரோட்டுலதான்."

"நான் இருக்கேன். நீ பதறாம வா" என்று மருதமுத்து போனை வைத்தார்.

'நான் இருக்கேன்' என்ற வார்த்தை திலகவதியின் காதில் விழுந்தது. இட்லிப் பொட்டலத்தைப் பாதியில் மடித்தாள்.

மண்டபத்துக்கு வரும் கார்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் நிறைந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளைக் கார் இவர்கள் பக்கத்தில் வந்து நின்று, "எடுக்கிறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனது. இரண்டு நிமிஷத்தில் இன்னொன்று.

"ஒரு சேர் வாங்கிப் போட்டுட்டுப் போலாம்ப்பா. டீக்கடையில கேக்குறேன்."

"சேரையெல்லாம் தூக்கி ஓரமா வச்சுட்டு வண்டியை விடுவாங்க. போன மாசம் கோன் வச்சதுக்கே அதான் ஆச்சு."

"அப்ப ராமலிங்கம் அண்ணனைப் பார்த்துக்கச் சொல்லுங்க."

டீக்கடை ராமலிங்கம் பாய்லருக்குப் பின்னால் இருந்து தலையை மட்டும் நீட்டினார். "இருபது டீ மண்டபத்துக்குப் போவணும் பாப்பா. நான் எங்க நிக்கிறது?"

எட்டு ஐம்பது.

புவனாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"அப்பா, இது மைன்ஸ் இல்ல. நீங்க டியூட்டியில இல்ல. ஒரு சார்ஜர்ப்பா!"

"அவன் அஞ்சு பர்சன்ட்ல வர்றான் புவனா. நம்மளை நம்பி வர்றான்."

"அம்மா?"

"பத்து நிமிஷத்துல வந்துடுவான். வேகமா போனா..."

"வேகமா போனா சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அதையும் நீங்கதானே குரூப்ல எழுதியிருக்கீங்க? ஒருவேளை டோக்கன் போயிடுச்சுன்னா என்ன பண்றது? அம்மா இன்னும் ஒரு வாரம் இதைத் தலையில வச்சுக்கிட்டு சோறு பொங்கணுமா?"

மருதமுத்து திரும்பிக்கொண்டார். வடலூர் ரோட்டுப் பக்கம் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் வெளியாட்களுக்குக் கொடுக்கும் நேரமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது அவர்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும்.

பின் கண்ணாடி இறங்கியது.

"என்னங்க."

குரலில் கோபம் இல்லை. கடைக்குப் போகிறவரிடம் கொத்தமல்லியும் வாங்கி வரச் சொல்லும் குரல்.

"நீங்க இருந்து அந்தத் தம்பிக்கு இடத்தைக் குடுத்துட்டு வாங்க. நாங்க போறோம்."

"திலகா, ஒரு பத்து நிமிஷம்..."

"நீங்க அவரை விட்டுட்டு வரமாட்டீங்க. வந்தாலும் வழியெல்லாம் அவரு சேர்ந்தாரா, மாட்டிக்கிட்டாரான்னுதான் பேசிக்கிட்டு வருவீங்க. எனக்கு இன்னைக்கு அதைக் கேட்டுக்கிட்டு வர முடியாது. நாங்க கிளம்புறோம். நீங்க அந்த இடத்துல நின்னுக்கங்க. பின்னால பஸ்ஸைப் பிடிச்சு வாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நீங்களும் ஏறுங்க என்று கூப்பிடுவாள் என எதிர்பார்த்தார். கூப்பிட்டால் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தார். அவள் கூப்பிடவில்லை. கண்ணாடி ஏறியது.

"அப்பா வரலைன்னா போறாரு. நீ எடு" என்று உள்ளே அவள் மகளிடம் சொன்னது லேசாகக் கேட்டது.

எலெக்ட்ரிக் கார் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு உறுமலாவது இருந்திருந்தால் அவருக்கு ஏதாவது உறைத்திருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி மண்டபத்து வாழைமரத்தைத் தாண்டி வளைந்துவிட்டது. மணி எட்டு ஐம்பத்தாறு.

பச்சைக் கோட்டுக்குள் மருதமுத்து மட்டும் நின்றார்.

உடனே ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் தலையை நீட்டினார்.

"நகருங்க சார், வண்டியை விடணும்."

"இது சார்ஜ் போடுற இடம்."

"வண்டியைக் காணோமே. உங்களுக்குத்தான் சார்ஜ் ஏறுதா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். மருதமுத்து நகரவில்லை. காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நின்றார். அடுத்து வந்தவர் திட்டினார். அதற்கடுத்து வந்தவர் அவரை மண்டபத்து செக்யூரிட்டி என்று நினைத்து, எங்கே நிறுத்தலாம் என்று மரியாதையாகக் கேட்டார். மருதமுத்து அவருக்கு வழியும் சொன்னார்.

வெயில் பிடரியில் ஏறியது. முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியது. அப்போதுதான் அவர் தனக்குள் ஒன்றைக் கவனித்தார். கார் போன அந்த நிமிஷத்தில் மனசு லேசாகியிருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அது எதற்கு வந்த நிம்மதி என்று புரிந்ததும் அவருக்குக் கூசியது.

உண்மையில் அவருக்குப் பயம். நான்கு நாளாகவே பயம். அந்த டாக்டரின் அறை, எதிரில் இரண்டு நாற்காலி, மேஜையில் அந்தக் காகிதம். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கும்போது தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தார். வேணுவின் ஐந்து சதவீதம் அவருக்குக் கிடைத்த நல்ல சாக்கு. இதை வேறு யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டதால் தப்பிக்கவும் முடியவில்லை.

வேணு வந்தபோது ஒன்பது பதினேழு.

"சார், மன்னிச்சுடுங்க சார்! கேட்டு தொறக்கவே இல்ல. மூணுல வந்து சேர்ந்தேன்." வேணுவுக்கு முப்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்க வண்டி எங்க சார்?"

"போயிடுச்சு. நீ கன்னை நல்லா அழுத்தி மாட்டு. லூசா இருந்தா அஞ்சு நிமிஷத்துல கட்டாயிடும்."

"வண்டி போயிடுச்சுன்னா... நீங்க மட்டும் எதுக்கு நின்னுகினு இருக்கீங்க?"

"இடத்தை விட்டா போயிடும்ல."

"வண்டியில யாரு போனாங்க?"

"என் பொண்ணும் வீட்டம்மாவும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு." கொஞ்சம் நிறுத்தினார். யாரிடமும் சொல்லாததை ஏனோ இந்தப் பையனிடம் சொன்னார். "கட்டி. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. இன்னைக்கு ரிசல்ட் சொல்றாங்க."

வேணுவின் கையில் கன் அப்படியே நின்றது.

"எனக்காகவா சார் போவாம நின்னீங்க?"

மருதமுத்து குனிந்து ஒயரை முறுக்கில்லாமல் நேராக்கினார்.

"என்ன சார் இது! வண்டி நின்னுச்சுன்னா நாலு பேரக் கூப்புட்டுத் தள்ளிகினு ஓரமா வுட்டிருப்பேன். இல்லன்னா எங்க மாமன் டிராக்டர எடுத்தாந்து கட்டி இழுத்துகினு போயிருப்பாரு. வண்டிதானே சார்!" வேணுவுக்குக் கோபமே வந்துவிட்டது. "சொல்லியிருக்கலாம்ல? போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே போங்க சார்னு சொல்லியிருப்பேனே!"

சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. ரிலீவரிடம் வீட்டு விஷயம் சொல்லிப் பழக்கமில்லை.

"உங்கள நான் இப்பவே கொண்டுபோயி வுட்டுருவேன் சார். மூணு பர்சன்ட்ட வச்சுகினு என்ன பண்றது? ஒரு அரை மணி ஏத்திகினு..."

"வேணாம். நீ எண்பது போட்டுக்க. நான் பஸ்ல போயிடுறேன்."

சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினார். அறுபது வயதில் மனிதர் ஓடுவதை ராமலிங்கம் பாய்லரை விட்டு வெளியே வந்து பார்த்தார்.

ஆட்டோ பிடித்து டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச் கேட். அங்கிருந்து கடலூர் பஸ். வடலூரில் கேட் திறந்துதான் இருந்தது. குறிஞ்சிப்பாடியில் கூடைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் சாவகாசமாக நின்றது. கடலூரில் இறங்கி, கிளம்பிக்கொண்டிருந்த பாண்டிச்சேரி பஸ்ஸில் தொற்றினார். உட்காரும்போது பதினொன்று ஐந்து. இந்நேரம் கூப்பிட்டிருப்பார்கள். புவனாவுக்கு இரண்டு தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்குப் புவனாவே கூப்பிட்டாள். சுற்றிலும் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கடலூர் தாண்டியாச்சு. டோக்கன் போயிடலையே?"

"சரியான நேரத்துக்கு வந்துட்டோம். பதினோரு மணிக்கே கூப்பிட்டுட்டாங்க." அவள் மூச்சை இழுத்தாள். "அம்மா தனியா உள்ள போனாங்கப்பா. நானும் எழுந்தேன். நீ இங்கயே இருன்னு சொல்லிட்டாங்க."

"தனியாவா?"

"ஆமா. இருபது நிமிஷம் உள்ள இருந்தாங்க. இப்பதான் வெளிய வந்தாங்க."

"என்ன சொன்னாராம்?"

"சொல்ல மாட்டேங்கிறாங்கப்பா!" புவனாவின் குரல் உடைந்தது. "எத்தனையோ கேட்டுட்டேன். ஃபைலையும் தர மாட்டேங்கிறாங்க. முகத்தைப் பார்த்தும் ஒண்ணும் தெரியலை. நீங்க பேசுங்க."

போன் கை மாறியது.

"திலகா."

"ம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டீங்களா?"

"திலகா, என்ன சொன்னாரு?"

பின்னணியில் யாருடைய பெயரையோ நர்ஸ் கூப்பிட்டாள். திலகவதி அது முடியும்வரை காத்திருந்தாள்.

"போன்ல சொல்ற மாதிரி இல்லீங்க. பாப்பாகிட்டயும் சொல்லலை. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும். வந்து பக்கத்துல உக்காருங்க, சொல்றேன்."

"நான் வந்து..." மருதமுத்து போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். பஸ்ஸில் அத்தனை பேர் இருப்பதையும் மறந்து சொன்னார். "நான் பயந்துட்டேன் திலகா. அதான் அங்கயே நின்னுட்டேன். வேணுவுக்காக மட்டும் இல்ல."

அந்தப் பக்கம் ஃபைல் காகிதம் சரசரத்தது.

"தெரியும்ங்க. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நான் உள்ள போயிட்டு வந்தேன்ல? வாங்க."

போன் வைக்கப்பட்டது.

மருதமுத்து சீட்டிலிருந்து எழுந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், படிக்கட்டுக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க சார். பாண்டிக்கு இன்னும் அரை மணி இருக்குது" என்றார் கண்டக்டர்.

அவர் உட்காரவில்லை.